வானொலிக்குச் செவி தந்த வல்லுநர் எட்வின் ஆம்ஸ்ட்ராங்

நம் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்பின் பொருட்டு வடபுலத்து நகரங்களில் குடியேறிய நாட்களில், வாடகை வீட்டின் முன்னறையில், கைத்தையல் உறை போர்த்திக்கொண்டு வீற்றிருந்த வானொலிப் பெட்டியை நம்மில் மூத்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார். சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய வலைக்கம்பி, அஞ்சலகத்தில் பணம் கட்டிப் பெற்ற உரிமப் புத்தகம், வால்வுகள் சூடேறும்வரை காக்கவைத்துப் பின்பு மெல்ல ஒளிரும் பச்சைக் கண் ஆகிய யாவும் நம் நினைவில் இன்னும் நிற்கின்றன. முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவோம். தெரியாத மொழிகளும் இரைச்சலும் கடந்து போகும். திடீரென்று இலங்கை வானொலியின் தமிழ்க் குரல் அறையை நிறைக்கும். அடுக்களையில் இருப்பவர்களும் கை வேலையை விட்டு வந்து நிற்பார்கள். அக்குரல் கடல் அலைபோல் ஏறியும் இறங்கியும் வந்தாலும், அது நம் மொழி அல்லவா!

அப்பெட்டிகள் இன்று பெரும்பாலும் பரணில் கிடக்கின்றன. உலகின் சிற்றலை நிலையங்கள் பலவும் வாய்மூடிவிட்டன. ஆயினும் பழைய பெட்டிகளைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, நள்ளிரவில் முள்ளைத் திருகி மகிழ்வோர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். பொத்தானை அமுக்கியதும் வருகிற பாட்டைவிட, தேடிக் கண்டுபிடித்த குரலில் சுவை மிகுதி என்பதை நாமும் அறிவோம்.

அத்தகைய பெட்டிகள் ஏறத்தாழ அனைத்திற்கும் உள்ளுயிராக இருந்த அமைப்பைத் தந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எட்வின் ஹோவர்டு ஆம்ஸ்ட்ராங். நிலவில் கால் பதித்த ஆம்ஸ்ட்ராங் வேறு, இவர் வேறு. மார்க்கோனியை அறிந்த அளவுக்கு இவரை நாம் அறியவில்லை. இவருடைய வெற்றியும் துயரமும் நம் இல்லங்களில் அறியப்பட வேண்டியவை என்பதால் இவ்வாண்டு மலரில் அவ்வரலாற்றைச் சொல்ல முற்படுகிறோம்.

மாடியறைச் சிறுவன்

ஆம்ஸ்ட்ராங் 1890-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் அலுவல் பார்த்தவர். தாயார் ஆசிரியையாக இருந்தவர். இளமையில் நரம்பு நோய் ஒன்று கண்டு, சிறுவர் இரண்டாண்டுக் காலம் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. தோளும் வாயும் தாமாகத் துடிக்கும் குறை வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. பிற சிறுவர்களோடு கலந்து விளையாட இயலாத தனிமை, அவரைப் புத்தகங்களிடமும் கருவிகளிடமும் கொண்டு சேர்த்தது.

ஹட்சன் ஆற்றைப் பார்த்த யாங்கர்ஸ் நகரத்து வீட்டின் மேல்மாடியறை அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று. மார்க்கோனியின் சாதனைகளைப் படித்த அந்த இளைஞர், வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரக் கம்பம் ஒன்றைத் தாமே நிறுத்தினார். அதன் உச்சிக்கு ஏறி இறங்குவது அவருக்கு விளையாட்டு. பின்பு தந்தையார் பரிசளித்த சிவப்பு மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று, பேராசிரியர் பூப்பினிடம் மின்னியல் கற்றார்.

மாணவப் பருவத்துக் கண்டுபிடிப்பு

அக்காலத்து வானொலிக் கருவியில் ஒலி மிக மெல்லியதாக இருந்தது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கேட்டால்தான் ஏதேனும் புலப்படும். லீ டி ஃபாரஸ்ட் என்பவர் மும்முனை வால்வைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது எவ்வாறு இயங்குகிறது என்பது அவருக்கே தெளிவாக விளங்கவில்லை. மாணவராயிருந்த ஆம்ஸ்ட்ராங் அதை அளந்து ஆராய்ந்தார். வால்விலிருந்து வெளிவரும் மின்னோட்டத்தின் ஒரு பகுதியை மீண்டும் அதன் வாயிலுக்கே ஊட்டினால், ஒலி பன்மடங்கு பெருகும் என்று 1912-ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்டார். இன்னும் சற்றுக் கூட்டினால் அவ்வால்வே அலைகளைப் பிறப்பிக்கும் கருவியாக மாறுவதையும் கண்டார். ஒரே கண்டுபிடிப்பில் கேட்கும் கருவிக்கும் பேசும் கருவிக்கும் வழி பிறந்தது.

உரிமைப் பட்டயம் பெற விண்ணப்பிக்கப் பணம் வேண்டுமே! படிப்பு முடியட்டும் என்று தந்தையார் மறுத்துவிட்டார். உறவினர் ஒருவரின் யோசனைப்படி, தம் வரைபடத்தை 1913-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் சான்றுறுதி அலுவலரிடம் காட்டி முத்திரை பெற்றார். பட்டய விண்ணப்பத்தையோ அவ்வாண்டு அக்டோபரில்தான் கொடுக்க முடிந்தது.

மறு ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், நியூஜெர்சியில் பெல்மார் என்னும் கடற்கரையூரின் குளிர்ந்த கொட்டகை ஒன்றில் தம் கருவியை வைத்துக் காட்டினார். உடன் அமர்ந்திருந்தவர் மார்க்கோனி கம்பெனியின் இளம் அலுவலர் டேவிட் சார்னாஃப். மறுநாள் 31-ஆம் தேதி விடியும் வரையில் இருவரும் அயர்லாந்திலிருந்தும் ஹவாயிலிருந்தும் வந்த தந்திக் குறிகளைக் கேட்டு வியந்தனர். அவ்விரவில் தளிர்த்த நட்பு பின்னாளில் என்ன ஆயிற்று என்பதே இவ்வரலாற்றின் துன்பப் பகுதி.

போர்க்காலத்தில் பிறந்த அமைப்பு

முதல் உலகப்போரில் ஆம்ஸ்ட்ராங் அமெரிக்கப் படையின் செய்தித் தொடர்புப் பிரிவில் அதிகாரியாகப் பாரிஸ் சென்றார். மிகக் குறுகிய அலைகளை அக்கால வால்வுகளால் பெருக்க இயலவில்லை. அவ்விடர்ப்பாட்டிற்கு 1918-ஆம் ஆண்டில் அவர் கண்ட மாற்றுவழியே ‘சூப்பர்ஹெட்டரோடைன்’ என்னும் அமைப்பு.

பெயர் கரடுமுரடானது எனினும் கருத்து எளிது. இரண்டு தம்பூராக் கம்பிகள் சற்றே சுருதி விலகி நின்றால், இரண்டு நாதத்திற்கும் இடையே ஒரு துடிப்பு எழுவதை இசை கேட்போர் அறிவர். அதுபோலவே, வானிலிருந்து வரும் அலையோடு பெட்டிக்குள்ளேயே உண்டாக்கிய வேறோர் அலையைக் கலந்தால், இரண்டின் வேறுபாட்டுக்குச் சமமான புதிய அலை பிறக்கும். நிலையம் 9,500 கிலோசைக்கிளில் வருகிறது என்று கொள்வோம். பெட்டி 9,955-இல் அலை எழுப்பினால், மிஞ்சுவது 455. வேறு நிலையத்திற்கு முள்ளைத் திருப்பும்போது பெட்டியின் அலையும் கூடவே மாறுகிறது. ஆகவே மிஞ்சுவது எப்பொழுதும் அதே 455 தான். அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் பெட்டியின் உறுப்புகளை நுட்பமாகப் பண்படுத்திவிட்டால் போதும். எந்த நாட்டுக் குரலாயினும் தெளிவாகவும் பக்கத்து நிலையத்தோடு குழம்பாமலும் பெருக்கிக் கேட்கலாம்.

பிரான்சில் லூசியன் லெவியும், ஜெர்மனியில் ஷாட்கியும் இதையொத்த எண்ணத்தை அக்காலத்திலேயே எட்டியிருந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. எனினும் அதைப் பயனுள்ள கருவியாக்கி உலகறியச் செய்தவர் ஆம்ஸ்ட்ராங்கே எனலாம்.

சிற்றலையின் வெற்றி

நீண்ட அலைகளே கடல் கடக்கும் என்று பெரிய கம்பெனிகள் நம்பியிருந்த காலம் அது. 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அலைகள் பயனற்றவை என்று பொழுதுபோக்கு அன்பர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வன்பர்கள் ஒரு சோதனை செய்தனர். அமெரிக்காவில் கிரீனிச் என்னும் ஊரில் அறுவர் கூடி, ஏறத்தாழ 230 மீட்டர் அலையில் இயங்கும் சிறு நிலையம் ஒன்றை அமைத்தனர். அறுவரில் ஒருவர் ஆம்ஸ்ட்ராங். ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில், மழையிலும் குளிரிலும் கூடாரத்தில் அமர்ந்து, சூப்பர்ஹெட்டரோடைன் கருவியைக் கொண்டு அக்குறிகளைக் கேட்டார் பால் காட்லி. 1923-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 110 மீட்டரில் அட்லாண்டிக் கடலின் இரு கரையாரும் மாறி மாறி உரையாடினர். வானின் மேல் அடுக்கு அலைகளைத் திருப்பியனுப்புகிறது என்பதை 1924-ஆம் ஆண்டில் ஆப்பிள்டன் சோதனையால் நிறுவினார். நம் வீட்டுக் குரல் ஏறியும் இறங்கியும் வந்ததற்கு அவ்வடுக்கின் ஓயாத அசைவே காரணம்.

இல்லறம்

கண்டுபிடிப்புகளை விற்றதனால் ஆம்ஸ்ட்ராங் பெருஞ்செல்வர் ஆனார். ஆர்.சி.ஏ. கம்பெனியின் பங்குதாரருள் தனிமனிதராக அவரே முதலிடம் பெற்றார். அக்கம்பெனியில் உயர்ந்துகொண்டிருந்த சார்னாஃபின் செயலாளராக இருந்த மேரியன் என்னும் மங்கையை 1923-ஆம் ஆண்டு டிசம்பரில் மணந்தார். எடுத்துச் செல்லத்தக்க சூப்பர்ஹெட்டரோடைன் பெட்டி ஒன்றைத் தம் கையாலேயே செய்து மணப்பரிசாக அளித்தார். அவ்வகையில் அதுவே முதலாவது என்பர்.

வழக்கும் பதக்கமும்

இதற்கிடையே, முதற் கண்டுபிடிப்பு யாருக்கு உரியது என்று டி ஃபாரஸ்டோடு எழுந்த வழக்கு இருபதாண்டு நீண்டது. 1934-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் டி ஃபாரஸ்டின் பக்கம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. வானொலிப் பொறியாளர் கழகம் அக்கண்டுபிடிப்பிற்காகவே முன்னர் ஆம்ஸ்ட்ராங்குக்குத் தன் முதல் மதிப்புப் பதக்கத்தை வழங்கியிருந்தது. தீர்ப்பு வந்த சில நாட்களில் ஃபிலடெல்ஃபியாவில் கழகம் கூடியபோது, பதக்கத்தைத் திருப்பித் தர அவர் சென்றார். கழகத்தார் அதை ஏற்க மறுத்து, அவருக்கே உரியது என்று மீண்டும் உறுதி செய்தனர். பணத்தாலும் தீர்ப்பாலும் பெற முடியாத மதிப்பு அது.

இரைச்சலை வென்றவர்

இடி மின்னலால் எழும் இரைச்சலை ஒழிப்பதே அவருடைய அடுத்த நோக்கம். அலையின் வலிமையை மாற்றாமல், அதிர்வெண்ணை மாற்றி ஒலியை ஏற்றும் முறையை அவர் கையாண்டார். இதனையே இன்று நாம் பண்பலை என்கிறோம். அது பயன்தராது என்று கணிதத்தால் காட்டியோரும் உண்டு. ஆம்ஸ்ட்ராங் அகன்ற அலைப்பரப்பைக் கொண்டு அதை நடத்திக் காட்டினார். 1933-ஆம் ஆண்டில் பட்டயம் பெற்று, 1935-ஆம் ஆண்டு நவம்பரில் பொறியாளர் கழகத்தார் முன் வைத்தார். குவளையில் நீர் ஊற்றும் ஒலியும் காகிதம் கசங்கும் ஒலியும்கூடத் தெளிவாகக் கேட்க, கூடியிருந்தோர் வியப்புற்றனர்.

ஆயினும் சார்னாஃபின் நாட்டமெல்லாம் தொலைக்காட்சியில் இருந்தது. எம்பயர் ஸ்டேட் மாளிகையில் ஆய்வுக்கு அளித்த இடத்திலிருந்து ஆம்ஸ்ட்ராங்கின் கருவிகள் வெளியேற்றப்பட்டன. அவரோ சொந்தச் செலவில் ஆல்பைன் என்னுமிடத்தில் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்பி ஒலிபரப்பினார். இரண்டாம் உலகப்போரில் தம் பட்டயங்களைக் கட்டணமின்றிப் படையினர் பயன்படுத்த இசைந்தார். 1945-ஆம் ஆண்டில் அரசு பண்பலையை வேறு அலைப்பரப்பிற்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த இலட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே ஆணையில் பயனற்றுப் போயின.

முடிவும் நீதியும்

ஆர்.சி.ஏ. உரிமைத் தொகை தராமலே பண்பலை முறையைப் பயன்படுத்துகிறது என்று 1948-ஆம் ஆண்டில் ஆம்ஸ்ட்ராங் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பின் வினாக்களே ஆண்டுக்கணக்கில் நீண்டன. செல்வம் கரைந்தது, உடல் நலிந்தது. அவருக்கு வேறு பேச்சில்லை, வேறு நினைவில்லை. 1953-ஆம் ஆண்டு நவம்பரில், முதுமைக்கென்று மனைவியிடம் ஒப்படைத்திருந்த பணத்தையும் வழக்கிற்காகக் கேட்டார். அம்மையார் மறுக்கவே, சினம் மிக்கு அவரைக் கையில் அடித்துவிட்டார். முப்பதாண்டு உடனிருந்த மேரியன் வீட்டைவிட்டு வெளியேறித் தம் சகோதரி இல்லம் சென்றார். தனியே நின்ற ஆம்ஸ்ட்ராங், செய்த பிழைக்கு வருந்தி மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, 1954-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இரவு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சான்றுறுதி முத்திரை பெற்றதும் அதே தேதி. பெல்மார் கொட்டகையில் நண்பரோடு விடியக் கண்டதும் அதே தேதி.

வரலாறு அங்கு முடிந்துவிடவில்லை. அடிபட்டுப் பிரிந்து சென்ற மேரியன் அம்மையாரே கணவரின் வழக்கைத் தம் தோளில் சுமந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை கொடுத்து உடன்பாடு செய்தது. பிற கம்பெனிகளையும் அம்மையார் விடவில்லை. ஒவ்வொரு வழக்காக வென்று, 1967-ஆம் ஆண்டில் கடைசி வழக்கிலும் வெற்றி கண்டார். 1979-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அதற்கு இரண்டாண்டு முன்புதான் நம் சென்னையில் அகில இந்திய வானொலியின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. ஆல்பைன் கோபுரமும் வீண்போகவில்லை. 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டை மாளிகைகள் வீழ்ந்து தொலைக்காட்சி நிலையங்கள் ஊமையானபோது, அவற்றுட் சிலவற்றிற்கு அக்கோபுரமே கைகொடுத்தது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆம்ஸ்ட்ராங்கின் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நியாயத்தைத் தேடும் முனைப்பு, அவர் காக்க வேண்டிய இல்லத்தையே பறித்துக்கொண்டது. கடல் கடந்த குரல்களை அண்டை வீட்டுக் குரல்போல் கேட்கச் செய்தவர், அருகிலிருந்த துணைவியின் குரலைக் கேட்கத் தவறினார். அலுவலகப் பூசலையும் உரிமை வழக்கையும் வீட்டு வாயிலுக்குள் அழைத்து வருகிற நம்மில் பலருக்கு இது பாடம். பொறுமையாய் நின்று நீதியை வென்ற மேரியன் அம்மையாரின் வாழ்வும் பாடம்.

பரணில் கிடக்கும் பெட்டியை நம் பிள்ளைகளோடு ஒரு மாலை இறக்கித் துடைத்துப் பார்ப்போம். பழுது பார்ப்பவர் இன்னும் நம் நகரில் இருப்பர். பச்சைக் கண் மீண்டும் ஒளிரும்போது, ஊரைவிட்டு வந்த நமக்கு ஊர்க்குரலைக் கொண்டுவந்து சேர்த்த அப்பெருமகனாரையும், அவர் பெயரைக் காத்த அம்மையாரையும் நன்றியோடு நினைவுகூர்வோமாக.