இதயத்தின் ஒருவழிக் கதவு

மோட்டார் நின்ற பின்னும், குழாயில் ஏறிய நீரைக் கிணற்றுக்குத் திரும்ப விடாத புட்வால்வை அனுமந்தன்பட்டி உழவர் நன்கறிவர். இதயத்தின் பெருந்தமனி வால்வும் அத்தகையதே. அது பழுதுற்றால், வெளியேறிய குருதி மீண்டும் இதயத்துக்குள் பாயும். இதயம் ஓய்ந்து போகும்.

1916இல் அமெரிக்காவில் பிறந்த அறுவை மருத்துவர் சார்லஸ் ஹஃப்நேகல் இதற்கு வழி தேடினார். இதயத்தை நிறுத்தித் திறக்கும் கருவி அன்று நடைமுறைக்கு வரவில்லை. எனவே விலங்குகளிடம் சோதித்த பின், 1952இல் ஒரு பெண்ணின் மார்பினுள், இதயத்திலிருந்து கீழிறங்கும் பெருந்தமனியில், பந்து அடங்கிய நெகிழிக் குழாயைப் பொருத்தினார். அது அரைத் தீர்வே; தலைக்கும் கைகளுக்கும் சென்ற குருதி திரும்புவதை அது தடுக்கவில்லை. ஆயினும் அப்பெண் பிழைத்தார். பந்தின் ஒலி அருகிருந்தோர்க்கும் கேட்குமாம்!

உரிய இடத்திலேயே செயற்கை வால்வைப் பொருத்துவது 1960இல் கைகூடியது. ஹஃப்நேகல் 1989இல் மறைந்தார். மறு ஆண்டு, மேற்குமலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், இந்தியாவிலேயே உருவான சித்திரா வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.