பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர்

பேய் பிடித்தது, செய்வினை செய்தார்கள் என்று கூறி, நோயாளியை வைத்தியரிடம் காட்டாது மந்திரவாதியிடம் கொண்டு செல்லும் வழக்கம் எமது சமூகத்தில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அதனால் பணத்தை மட்டுமன்றி உயிரையும் இழந்தோர் பலர். எதனையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்க வேண்டும் என இலங்கை மக்களுக்கு எடுத்துரைத்தவர் ஆபிரகாம் கோவூர் ஆவார்.

இவர் 1898 ஏப்ரல் 10 ஆம் திகதி கேரளத்திலுள்ள திருவல்லாவில், மார்த்தோமா திருச்சபைக் குரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவில் உயர்கல்வி கற்றார். 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்து, 1943 வரை இங்கு கற்பித்தார். தொடக்கத்தில் வேதாகம பாடமும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர் அனைவரும் சித்தியடைந்தனர். ஆயினும் அடுத்த ஆண்டு அப்பாடம் இவருக்குக் கொடுக்கப்படவில்லை. மாணவர் பரீட்சையில் வென்று நம்பிக்கையை இழந்துவிட்டனர் என்பதே அதிபர் கூறிய காரணம் என்பர்.

பின்னர் காலி, கல்கிசை, கொழும்பு ஆகிய இடங்களில் கற்பித்து, 1959 இல் தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து, பேய் வீடுகள் எனப்பட்டவற்றுக்கு நேரிற் சென்று ஆராய்ந்தார். பேயாடியோர் பலர் மனத்துயரால் வருந்துவோரே எனக் கண்டு, அறிதுயில் முறையால் அவர்களுக்கு உதவினார்.

1963 இல், மோசடிக்கு இடமில்லாத முறையில் அற்புதசக்தியை நிரூபிப்போருக்கு ஒரு இலட்சம் ரூபா வழங்குவதாக அறிவித்தார். முத்திரையிட்ட உறையினுள் இருக்கும் பணத்தாளின் இலக்கத்தை வாசித்தல், நீரின்மேல் நடத்தல் முதலியன அவர் குறிப்பிட்ட சோதனைகளுட் சில. அவர் மறையும் வரை அப்பரிசை எவரும் வெல்லவில்லை. கடவுள் நம்பிக்கையையே மறுத்தமையால் அவருக்கு எதிர்ப்பும் இருந்தது. எனினும் தம் கருத்தை அவர் மறைக்கவில்லை.

1978 செப்டெம்பர் 18 ஆம் திகதி கோவூர் காலமானார். அவரது விருப்பப்படி கண்கள் கண்வங்கிக்கும், உடல் மருத்துவக் கல்விக்கும் வழங்கப்பட்டன. எலும்புக்கூடு தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தைச் சேர்ந்தது. மதநம்பிக்கை உடையோரும் இவரிடமிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. நோய் கண்டால் காரணத்தை ஆராய்ந்து, தகுந்த சிகிச்சையை நாட வேண்டும் என்பதே அது. வாழ்நாள் முழுவதும் ஆசிரியராக இருந்தவர், மறைந்த பின்னரும் மாணவருக்குப் பயன்பட்டார்.

பயிற்சி
1. கோவூர் 1963 இல் விடுத்த அறிவித்தல் யாது?
2. அவர் மறைவின் பின்னரும் ஆசிரியராக விளங்கியமையை விளக்குக.