பயந்த பிள்ளை தைரியம் கொடுத்த கதை

தோட்டத் தோழர்களே, காந்தியடிகளைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. வெள்ளைக்கார அரசாங்கத்தையே எதிர்த்து நின்றவர். ஆனால், அவர் முதலில் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது பலருக்குத் தெரியாது.

1869-ல் போர்பந்தரில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு இருட்டென்றால் நடுக்கம். பேய் வருமோ, பாம்பு வருமோ, திருடன் வருவானோ என்று விளக்கில்லாமல் தூங்க மாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும், யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று வீட்டுக்கு ஒரே ஓட்டம். லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டர் படித்தும் கூச்சம் விடவில்லை. பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்கிலே சாட்சியை விசாரிக்க எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நாக்கு எழவில்லை. வழக்கையே விட்டுவிட்டு வெளியேறினார்.

1893-ல் ஒரு வழக்கு வேலையாகத் தென்னாப்பிரிக்கா போனார். முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும், இந்தியர் என்று மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டே, ஊருக்குத் திரும்புவதா, நின்று போராடுவதா என்று யோசித்தார். நிற்பதென்று முடிவு செய்தார். கொஞ்ச நாளில் பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். பொதுக்கூட்டத்தில் அவர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மறு வருஷம் டர்பனில் அவரைத் தேடி ஒரு தமிழர் வந்தார். பெயர் பாலசுந்தரம், சஞ்சிக்கூலி. முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயெல்லாம் ரத்தம். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படி நின்று பழக்கம். காந்தி முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய், அவரை வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார். இந்தச் சேதி நாட்டால் தோட்டங்களெல்லாம் பரவியது. நமக்காகப் பேசவும் ஒரு ஆள் இருக்கிறார் என்ற தெம்பு ஜனங்களுக்கு வந்தது.

அந்தத் தெம்பு 1913-ல் பலன் கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குகிறவர்கள் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும். மாதக் கூலியோ ஒரு பவுன்கூடத் தேறாது. கைக்குழந்தைக்காரிகள் உட்பட நம் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அதற்காகச் சிறைக்கும் போனார்கள். சுரங்கத்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். நவம்பர் 6-ம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் எல்லை தாண்டி நடந்தார்கள். நாலு நாளில் காந்தியை மூன்று தடவை கைது செய்தார்கள். தலைவர் இல்லாமலும் ஊர்வலம் நிற்கவில்லை. கரும்புத் தோட்டங்களிலும் வேலை நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சிறையில் காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாளில், 1914 பிப்ரவரியில் இறந்தாள். வயது பதினாறு. அந்த வருஷமே வரி ஒழிந்தது.

பாருங்கள் தோழர்களே, தன் பிழைப்புக்காக எழாத நாக்கு, அடிபட்ட ஒருவனுக்காக எழுந்தது. அவனும் பிறகு தலை நிமிர்ந்தான். ஆபீசுக்குப் போய்ப் பேச வாய் வராது என்று ஒதுங்குகிறவர்களைத் தோட்டந்தோறும் பார்க்கிறேன். உங்களுக்காகப் பேச வராவிட்டால் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் கணக்குத் தகராறில் கூப்பிட்டால், துணைக்குக் கூடப் போய் நில்லுங்கள். பேச்சு தானாக வரும்.