பனிநிலத்தில் பாடம் கற்ற மிண்டன் மைந்தர்: பிரான்ஸ் போவாஸ்

பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் போகும் வழியில், குளுகோர் வட்டாரத்தில் மிண்டன் என்றோர் இடம் இருப்பது பினாங்கு மக்களுக்குத் தெரியும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் அங்குதான் அமைந்துள்ளது. முன்பு அது பிரிட்டிஷ் இராணுவ முகாமாக இருந்தது. 1759ஆம் ஆண்டு ஜெர்மனியின் மிண்டன் நகரருகே பிரிட்டிஷ் படை வெற்றி கண்ட போரின் நினைவாக முகாமுக்கு அந்தப் பெயர் வந்தது.

அந்த ஜெர்மன் மிண்டனில், 1858ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் பிரான்ஸ் போவாஸ். ஓர் இனம் பிறப்பிலேயே உயர்ந்தது, இன்னோர் இனம் தாழ்ந்தது என்ற எண்ணத்தை ஆய்வின் வழி எதிர்த்தவர். அமெரிக்க மானிடவியலின் தந்தை என்று போற்றப்படுபவர். அந்தத் தெளிவுக்கு வித்திட்டது துருவப் பகுதியில் இனுயிட் மக்களோடு அவர் கழித்த ஓராண்டுதான். எஸ்கிமோ என்று முன்பு பிறர் அழைத்து வந்த மக்கள்தான் இவர்கள்.

கடலின் நிறத்திலிருந்து பனிக்கு

போவாஸ் முதலில் படித்தது இயற்பியல். கீல் பல்கலைக்கழகத்தில் 1881ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். கடல்நீரின் நிறம் பற்றியது அவருடைய ஆய்வு. நிறத்தை அளக்கப் போனவருக்கு, பார்ப்பவரின் கண்ணும் மனமும் அந்த அளவில் கலந்துவிடுகின்றன என்பது புரிந்தது. அதிலிருந்து அவர் கவனம் புவியியல் பக்கம் திரும்பியது.

ஒரு நிலம் அங்கு வாழும் மனிதரை எந்த அளவுக்கு உருவாக்குகிறது என்ற கேள்வி அவரைத் துரத்தியது. மரம் இல்லை, பயிர் இல்லை, ஆண்டின் பெரும்பகுதி உறைபனி என்ற இடத்தில் இதற்கு விடை எளிதாகக் கிடைக்கும் என்று நினைத்தார். இன்றைய கனடாவின் வட எல்லையில் உள்ள பாஃபின் தீவைத் தேர்ந்தெடுத்தார். பெர்லின் நாளிதழ் ஒன்றுக்குப் பயணக் கட்டுரைகள் எழுதித் தருவதாகச் சொல்லிச் செலவுக்குப் பணம் திரட்டினார். 1883ஆம் ஆண்டு ஜூன் மாதம், வீட்டு வேலையாள் வில்ஹெல்ம் வைக்கேயை உடன் அழைத்துக்கொண்டு ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 24.

மாணவராக மாறிய முனைவர்

கம்பர்லாந்து விரிகுடாவில் இருந்த கெக்கெர்ட்டன் திமிங்கில வேட்டைத் தளத்தில் போவாஸ் தங்கினார். அங்கிருந்து நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் கடற்கரை நெடுகப் பயணம் செய்தார். கருவிகளும் கணக்கும் அவரிடம் இருந்தன. ஆனால் எந்தப் பனி தாங்கும், எது உடையும், சீல் எங்கே மூச்சுவிட மேலே வரும் என்பதெல்லாம் இனுயிட் வேட்டைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அந்த டிசம்பரில் உறைநிலைக்குக் கீழே 46 பாகைக் குளிரில், வழி தவறி 26 மணி நேரம் அலைய நேர்ந்தது. பனி வீடுகளில் அவர்களோடு படுத்தார், அவர்கள் உண்டதையே உண்டார், மொழியைக் கற்றார். வேட்டையில் கிடைத்த சீல் இறைச்சியை அவர்கள் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பதைக் கண்டார். நாகரிகம் மிக்கவர்கள் என்று பெருமை பேசும் தம் நாட்டவர் எந்த வகையில் இவர்களைவிட மேல் என்ற கேள்வியை, தம்முடைய வருங்கால மனைவிக்கு எழுதிய கடித நாட்குறிப்பில் எழுப்பினார்.

நிலப்படம் வரைய வேண்டியிருந்தபோது, இனுயிட் மக்களிடமே தாளையும் பென்சிலையும் கொடுத்தார். பல மைல் நீளமுள்ள கரையை அவர்கள் நினைவிலிருந்து வரைந்து காட்டினார்கள். குடாக்கள், தீவுகள், குன்றுகள் எல்லாவற்றுக்கும் அவர்களுடைய மொழியில் பெயர் இருந்தது. போவாஸ் நூற்றுக்கணக்கான பெயர்களைக் கேட்டு எழுதிப் படத்தில் சேர்த்தார். கண்ட இடத்துக்கெல்லாம் தங்கள் அரசர், பிரபு பெயரைச் சூட்டுவது ஐரோப்பியரின் வழக்கமாக இருந்த காலம் அது.

அந்தக் குளிர்காலம் துயரமாகவும் இருந்தது. தொண்டை அடைப்பான் நோய் பரவி இனுயிட் குழந்தைகள் பலர் இறந்தனர். வந்த அந்நியர்தான் நோய்க்குக் காரணம் என்று சிலர் போவாஸைச் சந்தேகித்தார்கள். திமிங்கில வேட்டைக் கப்பல்களோடு வெளியார் நோய்கள் அந்தக் கரைக்கு வந்து கொண்டிருந்த காலம் என்பதால், அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

நிலம் மட்டும் காரணமல்ல

1884இல் திரும்பிய போவாஸ், மறுஆண்டு பாஃபின் நிலம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். 1888இல் மத்தியப் பகுதி இனுயிட் மக்களின் வேட்டை, வீடு, கதை, சடங்கு, பாடல் ஆகியவற்றை விவரிக்கும் பெரிய நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. நிலம் மனிதருக்கு எல்லை போடும். ஆனால் அந்த எல்லைக்குள் எப்படி வாழ்வது என்பதை அவர்களின் வரலாறும் பழக்கமும் அண்டை மக்களோடு உள்ள உறவுமே தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் படிப்படியாக வந்தார்.

அழியாத கறை

அமெரிக்காவில் குடியேறிய போவாஸ், 1896இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். ஆய்வுக்காக ஓர் இனுயிட்டை அழைத்து வரும்படி துருவப் பயணி ராபர்ட் பியரியிடம் கேட்டிருந்தார். 1897இல் பியரி கிரீன்லாந்திலிருந்து ஆறு பேரைக் கொண்டு வந்து இறக்கினார். சில மாதங்களுக்குள் நால்வர் காசநோயால் இறந்தனர். அவர்களில் ஒருவர் சிறுவன் மினிக்கின் தந்தை கிசுக். மகனின் மனம் ஆற ஒரு பொய்யான அடக்கச் சடங்கு நடத்தப்பட்டது. எலும்புகளோ அருங்காட்சியகத்துக்குப் போயின.

உண்மை தெரிந்த மினிக் தந்தையின் உடலைக் கேட்டார். கிடைக்கவில்லை. 1918இல் அவரும் இறந்துபோனார். 1993இல்தான் அந்த நால்வரின் எலும்புகள் கிரீன்லாந்தின் கானாக்கில் அடக்கம் செய்யப்பட்டன. பனிநிலத்தில் மாணவராக உட்கார்ந்து கற்றவர், நகரத்து அருங்காட்சியகத்தில் அதே மக்களை ஆய்வுப் பொருளாகக் கருதிய அமைப்பின் பகுதியாக இருந்தார். அவர் வாழ்வைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குடியேறியவர்களின் பிள்ளைகள்

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1899இல் பேராசிரியரான போவாஸ், பின்னர் குடியேறிகளும் அவர்களின் பிள்ளைகளுமாகச் சுமார் 18,000 பேரை அளந்து ஆராய்ந்தார். இனத்தின் மாறாத அடையாளம் என்று அன்று நம்பப்பட்ட தலை வடிவம்கூட, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளிடம் மாறியிருந்தது. 1911இல் அறிக்கை வந்தும் அரசியல்வாதிகள் அதை மதிக்கவில்லை. 1924இல் கடுமையான குடிநுழைவுச் சட்டம் வந்தது. 1933இல் நாஜிகள் அவருடைய நூல்களைத் தீயிட்டார்கள்.

இந்த வரலாறு மலேசியத் தமிழருக்கு அந்நியமானதல்ல. தமிழர் அடங்கிப் போகிறவர், மலாய்க்காரர் சோம்பேறி என்று இனத்துக்கொரு முத்திரை குத்தித்தான் காலனித்துவ ஆட்சி தோட்டங்களை நடத்தியது. அந்த முத்திரைகள் யாருக்கு இலாபம் தந்தன என்பதை நம் நாட்டு அறிஞர் சையட் ஹுசேன் அலத்தாஸ் 1977இல் வெளிவந்த தமது நூலில் விளக்கிக் காட்டினார்.

போவாஸ் 1942ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி, நியூயார்க்கில் நண்பர்களோடு மதிய உணவில் இருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். வயது 84. பினாங்கு அப்போது ஜப்பானியர் பிடியில் இருந்தது.

அவர் எழுதி வைத்த பனிநிலப் பெயர்களை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இனுயிட் முதியவர்களோடு அமர்ந்து ஆய்வாளர்கள் மீண்டும் சரிபார்த்தார்கள். இங்கே தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பால்மரக் காட்டின் நிரைகளுக்கும் ஆற்றுத் துறைகளுக்கும் தோட்ட மக்கள் தமிழில் வைத்த பெயர்கள் பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவை தாத்தா பாட்டிகளின் நினைவில்தான் இருக்கின்றன. கேட்டு எழுத முனைவர் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அவர்கள் பேசும்போது குறுக்கிடாத பொறுமையும் போதும்.