அண்ணல் படித்த அமெரிக்கா

அமெரிக்க வரலாறு என்றால் தாராசுரம், கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசிய கதை நினைவுக்கு வரும். அப்புறம் வாஷிங்டன், லிங்கன். பரீட்சை முடிந்தால் அதுவும் மறந்துபோகும். அண்ணல் அம்பேத்கருக்கு அது பரீட்சைப் பாடமாக மட்டும் இருக்கவில்லை.

1891-இல் பிறந்து, பள்ளியில் கோணிச்சாக்கில் தனியே உட்கார்ந்து படித்தவர் அவர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913 ஜூலையில் நியூயார்க் போனபோது வயது 22. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் படித்தார். பொருளாதாரம்தான் முதன்மைப் பாடம். வரலாறு, சமூகவியல், மானுடவியல் எதையும் விடவில்லை. லிங்கனின் அடிமை விடுதலை அறிவிப்புக்கு அந்த ஆண்டு வயது 50. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு ரயிலில் தனிப்பெட்டி, பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி. ஓட்டுரிமை ஏட்டில்தான் இருந்தது.

விடுதலை பெற்றவர்கள் எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள்? உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அடுத்த 12 ஆண்டுகளை மறுகட்டமைப்புக் காலம் என்பார்கள். கறுப்பின மக்கள் குடியுரிமை பெற்றார்கள், ஓட்டுப் போட்டார்கள், சட்டமன்றங்களிலும் உட்கார்ந்தார்கள். 1877-இல் மத்திய அரசு தன் படைகளை விலக்கிக்கொண்டதும் பழைய ஆண்டைகளின் கை மறுபடி ஓங்கியது. போரோடு பாடத்தை மூடிவிடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி தெரியாமலே போகும்.

இந்தக் காலத்தை யார் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணல் படித்த அதே கொலம்பியாவில் பேராசிரியர் டன்னிங்கும் அவர் மாணவர்களும், கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததே தவறு என்பதுபோல எழுதிவந்தார்கள். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935-இல் ஒரு பெரிய நூல் எழுதி அதை மறுத்தார். 1946-இல் அந்த டு பாய்ஸுக்குத்தான் அண்ணல் கடிதம் போட்டு, ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார்.

1947-இல் அவர் தயாரித்த கோரிக்கை அறிக்கையில், பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவுகளுக்கு அமெரிக்காவின் 1866, 1875 குடியுரிமைச் சட்டங்களை முன்மாதிரியாகக் காட்டினார். விடுதி, வண்டி, நாடகக் கொட்டகை எதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்ற அந்த 1875 சட்டத்தை, தனியார் செய்வதை அது கட்டுப்படுத்த முடியாது என்று சொல்லி 1883-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அண்ணல் தலைமையில் வரைந்த நம் அரசியலமைப்பிலோ, 15-ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. இரட்டைக் குவளை வைக்கும் டீக்கடைக்காரர் மீறுவது இந்தப் பிரிவைத்தான்.

மாணவர்கள் ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் அமெரிக்க ஆண்டுகளையும் மறுபக்கம் தஞ்சை ஆண்டுகளையும் எழுதிப் பார்க்கலாம். அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1865. இங்கே அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று கும்பெனி அரசு சொன்னது அதற்கு 22 ஆண்டு முன்பு, 1843-இல். ஆனாலும் சவுக்கடியும் சாணிப்பாலும் நூறாண்டுக்கு மேல் நீடித்தன. தஞ்சை மாவட்டத்துக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். அதே 1952 ஜூனில் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பழைய மாணவரை அழைத்து டாக்டர் பட்டம் கொடுத்தது.