மழலையரை மறவாத தலைவர் எம். சி. ராஜா

பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்களைச் சட்டமன்றச் செம்மலாகவே நம் இளைஞர்கள் அறிவர். அவர் முதலில் ஓர் ஆசிரியர். நம் திருப்பெரும்புதூரும் ஒரகடமும் அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பரங்கிமலையில் 1883-ஆம் ஆண்டு பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பள்ளியாசிரியரானார்.

தனியொருவர் குரல் அரசின் செவிக்கு எட்டாது; சங்கமாகத் திரண்டாலே எட்டும். 1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர் பொறுப்பை ஏற்று, அதன்வழி நம் மக்களின் கல்விக்காகவும் உரிமைக்காகவும் உழைத்தார். இழிபெயர்களை விலக்கி, ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்க வேண்டுமெனச் சட்டமன்றத்தில் அவர் கொணர்ந்த தீர்மானம் 1922-இல் நிறைவேறியது. 1927-இல் மத்திய சட்டசபையிலும் இடம்பெற்றார்.

இத்துணைப் பணிகளுக்கிடையிலும் அவர் குழந்தைகளை மறந்தாரில்லை. பாடநூல்கள் எழுதினார். 1930-இல் வெளிவந்த கிண்டர்கார்டன் ரூம் என்னும் மழலையர் பாட்டு நூலைத் தொகுத்த இருவருள் அவர் ஒருவர். முதற்படி இனித்தால்தான் பிள்ளை அடுத்த படி ஏறும் என்பதை அந்நூல் நமக்கு உணர்த்துகிறது.

1943-இல் அவர் மறைந்தார். இன்று நம் ஊர்களைச் சூழ்ந்து ஆலைகள் எழுந்துள்ளன. அங்கே நம் பிள்ளைகள் பொறியாளராக நுழைவதும் ஒப்பந்தக் கூலியாக நிற்பதும் ஐந்து வயதுக்குள் இடப்படும் அடித்தளத்தையும் பொறுத்தவை. ஆகவே சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் அங்கன்வாடிக்குத் துணை நிற்போமாக! அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.