யன்னலைத் திறந்த சீமாட்டி

கைவிளக்கேந்திய சீமாட்டி என்றுதான் புளோரன்ஸ் நைட்டிங்கேலைச் சின்ன வகுப்பில் படித்தேன். இந்த வருடம் என் தம்பிக்கு முட்டு வருத்தம் கூடிய பிறகு அவரைப் பற்றித் திரும்பவும் தேடி வாசித்தேன். அவர் விளக்கைவிட யன்னலைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறார்.

1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். அந்த நகரின் பெயரே அவருக்கும் வைக்கப்பட்டது. வசதியான ஆங்கிலேயக் குடும்பம். தாதித் தொழிலுக்கு அன்று மதிப்பில்லாததால் வீட்டில் பல வருடங்கள் தடுத்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1851இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வேர்த் என்ற இடத்தில் பயிற்சி பெற்றபோது வயது 31.

கிறிமியப் போர் மூண்டது. 1854 நவம்பரில் 38 தாதியருடன் இஸ்தான்பூலின் உஸ்குதார் கரையை அடைந்தார். உஸ்மானிய அரசு பிரித்தானியருக்குக் கொடுத்திருந்த செலிமியே படைமுகாமே அங்கு வைத்தியசாலை. உணவு, உடுப்பு, துப்புரவு எல்லாவற்றுக்கும் அவர் ஓடியாடி உழைத்தும் அந்தக் குளிர்காலத்தில் 4000க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். கட்டடத்தின் கீழே அடைபட்ட கழிவுக் கால்வாய். மேலே காற்றோட்டமில்லாத, நெரிசலான கூடங்கள். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கால்வாயைக் கழுவிக் காற்றுக்கு வழிவிட்ட பின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

நாடு திரும்பியபோது எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அவரோ இறந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே மிக அதிகம் என்பதை 1858இல் வட்ட வரைபடமாகவே வரைந்து காட்டினார். என் மனதில் நின்றது இந்த இடம்தான்.

1859இல் வெளிவந்த அவருடைய தாதியியல் நூல், வீட்டில் நோயாளரைப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காக எழுதப்பட்டது. அதன் முதல் அத்தியாயமே காற்றோட்டம். இரவுக் காற்றுக்குப் பயந்து அறையை அடைப்பதை அவர் ஏற்கவில்லை. காய்ந்த துணியால் தட்டினால் தூசு இடம் மாறுமே தவிர வெளியேறாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்கிறார். நோய்க்கிருமிகளை அவர் நீண்ட காலம் நம்பவில்லை, கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்று நினைத்தார். காரணம் பிழைத்தாலும் செய்யச் சொன்னது பிழைக்கவில்லை. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

நோயில் விழுந்து பல வருடங்கள் கட்டிலிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தவர், 1910 ஓகஸ்ட் 13இல் தொண்ணூறாவது வயதில் காலமானார்.

எங்கள் வீட்டில் குசினியில் விறகடுப்பு, அடுத்த அறையில் தம்பியின் கட்டில். இரவில் நுளம்புத்திரி, வியாழன் மஃரிபுக்குப் பின் சாம்பிராணி. பனி ஆகாதென்று மூத்தம்மா யன்னலைச் சாத்திவிடுவார். நான் வாசித்ததைச் சொன்னேன். டெங்குக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாப்பா நுளம்பு வலை வாங்கி வந்தார். குசினியில் அடைத்துக் கிடந்த புகைபோக்கியையும் திறந்துவிட்டார். தம்பியின் கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது. மூத்தம்மா இன்னும் யன்னலின் ஒரு கதவை மட்டும்தான் திறக்க விடுகிறார்.